கேட்காமல் விட்டது

சலோமி கோட்டுச்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஆறு மாதமாகியும் அந்த ஊரில் அவளுக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று இருந்தது. வாசற்படியைத் தாண்டினால் போதும், எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் எங்கே போகிறாய் என்று கேட்டார்கள்.

திருத்துறைப்பூண்டியில் அவளுடைய அம்மா அப்படிக் கேட்க விடவே மாட்டாள். வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து ‘எங்கே’ என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். கேட்டே தீரவேண்டுமென்றால் ‘தூரமா?’ என்று கேட்கலாம். யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் திரும்பி வந்து, சற்று உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி படியிறங்க வேண்டும். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து நாலு தலைமுறை ஆகியும் அந்த வீட்டை விட்டுப் போகாத வழக்கம் அது.

இங்கே நேர்மாறாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஆட்டிய இட்லிமாவை இரண்டு தூக்குகளில் நிரப்பிக்கொண்டு காலை ஏழு மணிக்கு அவள் தெருவில் இறங்குவாள். பால் ஊற்றிவிட்டுக் காலி கேனோடு திரும்பும் பங்கஜவல்லி நின்று, "எங்க தங்கச்சி போறே?" என்பாள். தினம் பார்க்கிறவள்தான். தூக்கில் மாவு இருப்பதும் தெரியும். ஆனாலும் கேட்பாள். தெருமுனையில் டீக்கடை செல்லக்கண்ணு, வடைச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கி, "எங்கம்மா போறீங்க?" என்பான். மெயின் ரோட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் காஜா மைதீனிடம்தான் மாவைக் கொடுக்கப் போவாள். அவரும் தூக்கை வாங்கி வைத்துவிட்டு, "இங்கேருந்து எங்கம்மா? வீட்டுக்குத்தானே?" என்று கேட்பார். "வீட்டுக்குத்தான் பாய்" என்று அவள் சொன்ன பிறகுதான் அடுத்தவருக்குப் பருப்பு நிறுப்பார். சந்து திரும்பும்போது யதேச்சையாகத் திரும்பிப் பார்த்தால், தராசைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர்கள் பார்வையில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. காய்ச்சல்காரரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

ஒருநாள் புருஷனிடம் சொன்னாள். "என்னாங்க இது, கடைக்குப் போறதுக்குள்ள மூணு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கு."

ஆரோக்கியஜோசப் மின்சார இலாகாவில் லைன்மேன். கையுறையைப் பையில் திணித்துக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "கேட்டா பதில் சொல்லிட்டுப் போ. ஊர் அப்புடித்தான்."

அதற்கு மேல் அவன் பேசமாட்டான். நல்லவன்தான். குடியில்லை. மழைநாளில் விடியவிடிய கம்பத்தில் ஏறிவிட்டு வந்தாலும் முகம் சுளிக்காமல் ஆறிய சோற்றைச் சாப்பிடுவான். முதல் மனைவி செலின் இறந்து மூன்று வருடமாகிறது. பெண் பார்க்க வந்த அன்று, "ஆத்துல கால் வழுக்கி விழுந்திருச்சி" என்று ஒரே வாக்கியத்தில் சொன்னான். முப்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு வரன் அமைந்த நிம்மதியில் சலோமி வீட்டில் யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

கூடத்தில் மாதா படத்துக்குக் கீழே செலினின் போட்டோ இருந்தது. அதற்கு ஒரு சின்னச் சிவப்பு பல்பு, ஜோசப்பே ஒயர் இழுத்துப் போட்டது. ஐப்பசி மழையில் கரண்டு போனால் லைன்மேன் வீட்டிலும் இருட்டுத்தான். அப்போது அந்த போட்டோ இருக்கிற பக்கம் மட்டும் கூடுதலாக இருட்டியிருப்பதுபோல சலோமிக்குத் தோன்றும். மெழுகுவர்த்தியை ஏற்றி முதலில் அங்கேதான் வைப்பாள்.

செலினின் மகள் கிறிஸ்டிக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. சித்தி என்று மரியாதையாகக் கூப்பிடுவாள், சொன்னதைச் செய்வாள். ஆனால் எதையும் கேட்கமாட்டாள். என்ன குழம்பு என்று கேட்கமாட்டாள். இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்று கேட்கமாட்டாள். காரைக்கால்மேட்டிலிருந்து மீன் வருகிற நாளில் சங்கரா மீன் குழம்பு வைத்து, பொரித்ததும் வைத்துக்கொண்டு, கேட்கட்டும் என்று சலோமி காத்திருந்து பார்த்தாள். வெறும் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததே தவிர அந்தப் பிள்ளை வாய் திறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் டீச்சரும் அதையே சொன்னாள். "எழுதுறதெல்லாம் நல்லா எழுதுறா. கேள்வின்னு ஒண்ணு வாயில வரமாட்டேங்குது. பாத்ரூம் போவணும்னாகூட கேக்கமாட்டா, அடக்கிகிட்டு ஒக்காந்திருக்கா. வீட்ல அதட்டுறீங்களா?"

சலோமிக்கு முகம் கன்றிவிட்டது. சித்தி என்றால் அப்படித்தான் நினைப்பார்கள்.

இன்னொன்றும் அவள் கவனித்திருந்தாள். காலையில் அவள் வாசல் கதவின் தாழ்ப்பாளை இழுக்கும்போது, பாயில் படுத்திருக்கும் கிறிஸ்டி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வாள். தூக்கம் கலைகிறதே என்றுதான் முதலில் நினைத்தாள். ஒருநாள் குனிந்து பார்த்தபோது போர்வைக்குள் பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தது. அதிலிருந்து சத்தம் வராமல் தாழ்ப்பாளைத் தூக்கி இழுக்கப் பழகிக்கொண்டாள்.

கல்லறைத் திருநாளன்று மழை விட்டிருந்தது. சலோமி செலினின் கல்லறையில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கி, சேற்றைக் கழுவி, சாமந்தி வைத்தாள். கிறிஸ்டி மெழுகுவர்த்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வரும்போது சலோமி தற்செயலாக வெளிப்பக்கம் பார்த்தாள். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் பங்கஜவல்லி ஒரு முழம் கதம்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் செல்லக்கண்ணு. ஏற்றியிருந்த மெழுகுவர்த்திகள்கூட காஜா மைதீன் காலையிலேயே கொடுத்தனுப்பியவை. செலின் இவர்களுக்கெல்லாம் யார்?

மறுநாள் மத்தியானப் பால் ஊற்ற வந்தபோது பங்கஜவல்லியை நிறுத்தினாள். கிறிஸ்டி பள்ளிக்கூடம் போயிருந்தாள். காப்பி போட்டுக் கொடுத்து, அடுப்படி வாசலில் உட்காரவைத்தாள்.

"அக்கா, செலின் ஒங்களுக்கு நெருக்கமா?"

"நெருக்கம் என்னா. பாலு ஊத்துற வீடு. நல்ல பொண்ணு."

"அப்புறம் ஏங்க்கா கல்லறைக்கு வந்து வெளியிலேயே நின்னீங்க?"

பங்கஜவல்லி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கி நாந்தான் மொதல்ல பாத்தேன் தங்கச்சி. விடிஞ்சும் விடியாம இருக்கு. நல்ல சேல கட்டி, தலைய வாரி பின்னிருந்திச்சி. அது தலைவாரி நான் பாத்தே ஒரு வருஷம் இருக்கும். ரெண்டாவது புள்ள வயித்துலயே தவறிப்போச்சில்ல, அதுலேருந்து அது எங்க வாரிச்சி, எங்க பேசிச்சி. பால் வாங்க வந்தா பாத்திரத்த நீட்டிகிட்டு நிக்கும், ஊத்தி முடிச்சப்பறமும் அப்புடியே நிக்கும். அன்னிக்கி அப்புடிப் பாக்கவும் எனக்கு சந்தோஷமா இருந்திச்சி. பரவால்ல, தேறிடுச்சின்னு நெனச்சேன். எங்க போறேன்னு கேக்க வாயெடுத்தேன். கெளம்புற பொண்ணக் கேக்கக் கூடாதேன்னு முழுங்கிட்டேன். சிரிச்சேன். அதுவும் சிரிச்சிச்சி."

"அப்புறம்?"

"செல்லக்கண்ணு அடுப்பு பத்தவச்சிகிட்டு இருந்திருக்கு, பாத்திருக்கு. காஜா பாய் கடை தெறந்துகிட்டு இருந்திருக்காரு, அவரும் பாத்திருக்காரு. நாம கேட்டு காரியம் கெடுவானேன்னு அவங்களும் விட்டுட்டாங்க. பஸ்ல ஏறி காரைக்கால்ல எறங்கி, பீச் ரோட்டுல அரசலாத்து ஓரமாவே நடந்து போயிருக்கு. வழி நெடுவ ஆளு. ஒருத்தர் கேக்கல தங்கச்சி. மூணாம் நாளு காரைக்கால்மேட்டு ஆளுங்க போட்டுல கொண்டாந்து கர சேத்தாங்க."

"கால் வழுக்கின்னு சொன்னாங்க."

"போலீஸ்ல அப்புடித்தான் எழுதுனாங்க. சாமியார்கிட்டயும் அப்புடித்தான் சொன்னாங்க, இல்லாட்டி கோயில் கல்லறையில எடம் கெடைக்காதுன்னு. நாங்களும் அப்புடியே இருக்கட்டும்னு இருந்துட்டோம்." பங்கஜவல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கப்பறந்தான் இந்தக் கேக்குற பழக்கம். யாரு ஆரம்பிச்சான்னு தெரியாது. ஒன்னப் பாக்கறப்ப எனக்கு வாய அடக்க முடியல. தப்பா எடுத்துக்காத."

அவள் போன பிறகு சலோமி கூடத்துக்கு வந்து அந்த போட்டோவின் முன்னால் நின்றாள். செலினுக்கு முப்பது வயது இருக்கும். அதில் அவள் சிரிக்கவில்லை. படம் எடுப்பவன் ஏதோ சொன்னதைக் காதில் வாங்க முயல்வதுபோல் தலையை லேசாகச் சாய்த்திருந்தாள். அன்றிலிருந்து தெருவில் நடக்கும்போது, தனக்கு ஓரடி முன்னால் யாரோ தலைவாரிப் பின்னிக்கொண்டு போவதுபோல சலோமிக்கு இருந்தது. ஊர் கேட்பது தன்னையல்ல, அவளைத்தான் என்று புரிந்தது.

ஜோசப்பிடம் அவள் இதைப் பற்றிப் பேசவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

பத்து நாள் கழித்துப் புயல் எச்சரிக்கை வந்தது. சம்பா வயல்களில் தண்ணீர் வரப்புக்கு மேல் நின்றது. பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு விட்டுவிட்டார்கள். ஜோசப் முந்தின நாளே டூட்டிக்குப் போனவன் திரும்பவில்லை. சனிக்கிழமை காலை திருத்துறைப்பூண்டியிலிருந்து தம்பி போன் செய்தான். அம்மா குளியலறையில் விழுந்துவிட்டாள், இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், பக்கத்தில் இருக்க ஆள் வேண்டும்.

சலோமி ஜோசப்புக்குப் போன் செய்தாள். "போயிட்டு வா. மத்தியானம் நான் வந்துடுவேன். பாப்பா அதுவரைக்கும் பங்கஜவல்லி அக்கா வீட்ல இருக்கட்டும்" என்றான்.

இரண்டு சேலைகளைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று கிறிஸ்டி குடையோடு கூடவே வந்தாள். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். பங்கஜவல்லி வாசலிலேயே நின்றிருந்தாள். பையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"எங்க தங்கச்சி, பையோட?"

"அம்மா விழுந்துட்டாங்கக்கா. திருத்துறைப்பூண்டிக்கு. பாப்பாவ ஒங்க வீட்ல விடலாம்னு..."

"நானும் பஸ்ஸு வரைக்கும் வாரேன்" என்று சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவளும் இறங்கிவிட்டாள்.

டீக்கடையில் செல்லக்கண்ணு கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டான். "எங்கம்மா போறீங்க? இந்த மழையில?" சலோமி சொன்னாள். கையைப் பிடித்திருந்த கிறிஸ்டியின் விரல்கள் சில்லிட்டிருந்தன. மழைக்குளிர் என்று நினைத்தாள். காஜா மைதீன் பாதிக் கதவு சாத்திய கடையிலிருந்து எட்டிப்பார்த்து, "ஏம்மா, எங்க கெளம்பிட்டே?" என்றார்.

கிறிஸ்டி குடையைக் கீழே போட்டாள். அப்படியே ரோட்டுத் தண்ணீரில் உட்கார்ந்து சலோமியின் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கேக்க வேணாம்னு சொல்லுங்க சித்தி" என்றாள். "எல்லாரும் கேக்குறாங்க. கேக்க வேணாம்னு சொல்லுங்க."

தூக்கினால் வரவில்லை. பின்னாலேயே வந்திருந்த செல்லக்கண்ணுதான் அள்ளிக்கொண்டு வந்து பாய் கடைக்குள் அரிசி மூட்டையின்மேல் உட்காரவைத்தான். காஜா மைதீன் உள்ளே போய்த் துண்டு எடுத்து வந்தார். சலோமி தலையைத் துவட்டிக்கொண்டே, "ஏம்மா, கேட்டா என்ன? பெரியவங்க அக்கறையாத்தானே கேக்குறாங்க" என்றாள்.

கிறிஸ்டிக்குப் பல் கிட்டித்துப்போயிருந்தது. விட்டுவிட்டுப் பேசினாள்.

"அன்னிக்கி நான் கேட்டேன் சித்தி. அம்மா தாப்பாள எடுத்தாங்க, நான் முழிச்சிட்டேன். எங்கம்மா போறேன்னு கேட்டேன். கெளம்பறப்ப கேக்காதன்னு சொல்லிருக்கேன்ல அப்படின்னாங்க. திரும்பி வந்து எங்கிட்ட ஒக்காந்தாங்க. தண்ணி குடிச்சாங்க. எனக்குக் காலு வெளிய கெடந்திச்சி, போர்வைய இழுத்துவிட்டாங்க. அப்புறம் போயிட்டாங்க." மூச்சு வாங்கியது. "நான் கேட்டதுனாலதான் காலு வழுக்கிருச்சி. யார்கிட்டயும் சொல்லாதீங்க சித்தி. அப்பாவுக்குத் தெரியாது."

பங்கஜவல்லி மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காஜா மைதீன் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

செல்லக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீ கேட்டதுனால இல்ல பாப்பா. நாங்கதான் கேக்காம விட்டுட்டோம்" என்றான்.

"நீங்க கேக்காட்டி என்னா. நாந்தான் கேட்டுட்டேன்ல" என்றாள் கிறிஸ்டி.

ரோட்டில் பஸ் வந்து, நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போனது. சலோமி எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் ஜோசப் வந்தபோது கிறிஸ்டி வீட்டில் காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் வருவதாகத் தம்பிக்குப் போன் செய்துவிட்டிருந்த சலோமி அவனைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய், கிரைண்டர் வைத்திருந்த தாழ்வாரத்தில் நிற்கவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ரெயின்கோட்டைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் தண்ணீர் வழிந்தபடி இருந்தது.

"தண்ணி குடிச்ச சத்தம் எனக்கும் கேட்டிச்சி" என்றான்.

சலோமி அவனைப் பார்த்தாள்.

"முழிச்சிகிட்டுத்தான் இருந்தேன். டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டிச்சி. எந்திரிச்சா ஏதாவது பேச்சு வரும், அவ அழுவான்னு கண்ண மூடிகிட்டுப் படுத்திருந்தேன். ராத்திரி பூரா தூங்காம நடந்துகிட்டே இருப்பா சலோமி. ஒரு வருஷம். மனசுக்குப் பாக்குற டாக்டர்ட்ட அழைச்சிகிட்டுப் போங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க. வெளிய தெரிஞ்சா பைத்தியம்னு பேசுவாங்கன்னு வேளாங்கண்ணிக்கு அழைச்சிகிட்டுப் போனேன். மொட்ட போட்டுகிட்டேன், முழங்கால்ல நடந்தேன். டாக்டர்ட்ட மட்டும் போவல."

"இத அதுகிட்ட சொல்லுங்க."

"சின்னப்புள்ள."

"சின்னப்புள்ள மூணு வருஷமா தாந்தான் கொன்னுட்டோம்னு நெனச்சிகிட்டு இருக்கு."

"கால் வழுக்கினதுன்னு சாமியார்கிட்ட சொல்லி அடக்கம் பண்ணிருக்கேன். இப்ப போயி..."

"சாமியாருக்கு நீங்க அப்புறம் சொல்லிக்கலாம். மொதல்ல அதுக்குச் சொல்லுங்க. இல்லாட்டி நான் அதை எங்கூட அழைச்சிகிட்டுப் போறேன். சொல்றதுக்கு ஒங்களுக்கு எப்ப வாய் வருதோ அப்ப வந்து அழைச்சிகிட்டு வாங்க." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். கிரைண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவன் போன் அடித்தது. எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்திருந்தது. ரெயின்கோட்டோடு அப்படியே கிளம்பிப் போய்விட்டான்.

சாயங்காலம் கிறிஸ்டிக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. சலோமி மிளகு ரசம் வைத்து, சோற்றைக் குழையப் பிசைந்து தட்டில் போட்டுக் கொடுத்தாள். கரண்டு இல்லை. வாசல் வெளிச்சத்தில் பாயில் உட்கார்ந்து பிள்ளை இரண்டு வாய் சாப்பிட்டது. பிறகு தட்டைப் பார்த்தபடியே, "சித்தி" என்றது. "எங்கம்மாவுக்கு நீச்சல் தெரியுமா?"

அந்த வீட்டுக்கு வந்து அவள் வாயிலிருந்து சலோமி கேட்ட முதல் கேள்வி அது.

"எனக்கு எப்புடிம்மா தெரியும். நான் அவங்களப் பாத்ததே இல்லையே."

"தெரியும்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

ஜோசப் படியில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று இருவருக்கும் தெரியாது. முழங்கால் வரை சேறு. சாப்பாட்டுத் தட்டை விட்டு நிமிர்ந்த பிள்ளையின் கண்ணைப் பார்த்து மறுபடி சொன்னான்.

"நல்லாத் தெரியும். தலத்தெரு கொளத்துல அக்கரைக்கும் இக்கரைக்கும் நீஞ்சுவா."

கிறிஸ்டி தட்டைத் தள்ளி வைத்தாள். "அப்ப விழல" என்றாள்.

"இல்லம்மா."

ஈரத்தோடு அவன் உள்ளே வந்து பாயில் படாமல் தரையில் உட்கார்ந்தான். நேராகச் சொல்ல அவனுக்கு வரவில்லை. முன்னும் பின்னுமாகச் சொன்னான். பிறக்காமல் போன தம்பிப் பாப்பாவைச் சொன்னான். அம்மாவுக்கு வந்தது காய்ச்சல் மாதிரி ஒரு நோய், ஆனால் வெளியே தெரியாது என்றான். வைத்தியம் பார்த்திருந்தால் தேறியிருக்கலாம், தான் பார்க்கவில்லை என்றான். அன்று காலை தானும் விழித்திருந்ததைச் சொல்லும்போது வார்த்தை சிக்கியது. சலோமி எடுத்துக் கொடுக்கவில்லை. அவனே சொல்லி முடிக்கட்டும் என்று அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள்.

"நீ கேட்டதுனால ஒண்ணும் ஆவலம்மா" என்றான். "நீ கேட்டதுனாலதான் அவ திரும்பி வந்தா. ஒங்கிட்ட சத்த நேரம் ஒக்காந்தா. நீ கேக்காட்டி அதுவும் இல்லாம போயிருப்பா. நாந்தான் கேக்கல."

கிறிஸ்டி அழுதாள். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி அழுதாள். செலின் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை என்று ஜோசப் பிறகு சலோமியிடம் சொன்னான். அழுது ஓய்ந்ததும் கேட்க ஆரம்பித்தாள். அம்மாவுக்கு வலித்திருக்குமா, பயந்திருப்பார்களா, என்மேல் கோபமா, சொர்க்கத்தில் சேர்த்துக்கொள்வார்களா. சிலதுக்கு அவன் பதில் சொன்னான். சிலதுக்குத் தெரியவில்லை என்றான். ரசம் ஆறிப்போய்விட்டது.

மறுநாள் மழை விட்டிருந்தது. புயல் ஆந்திராப் பக்கம் திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை. ஜோசப் முதல் பூசைக்கு முன்பே போய்ச் சாமியாரைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினான். கண் சிவந்திருந்தது. மூன்று பேருமாகத் திருத்துறைப்பூண்டிக்குக் கிளம்பினார்கள்.

காரைக்காலில் நாகப்பட்டினம் பஸ்ஸில் இடதுபக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கிறிஸ்டி ஜன்னலில் உட்கார்ந்தாள். பஸ் அரசலாற்றுப் பாலத்தில் ஏறியது. ஆறு செந்தண்ணீராய் இரு கரையும் தொட்டுக்கொண்டு கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஆற்றோரமாகப் பீச் ரோடு, ஈரமாக, ஆளில்லாமல் நீண்டு கிடந்தது. மூன்று வருடமாக இந்தப் பாலத்தை ஜோசப் பைக்கில் கடக்கும்போதெல்லாம் எதிர்ப்பக்கம்தான் பார்த்தபடி போவான். அந்தப் பக்கம் பார்க்காதே என்று பிள்ளையிடம் சொல்ல சலோமி வாயெடுத்தாள். சொல்லவில்லை.

பாலம் முடியும்வரை கிறிஸ்டி ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் தலைக்கு மேலாக ஜோசப்பும் பார்த்தான்.